ரோவர் உடம்பு, வேன்கார்டு இன்ஜின்... பெருங்களத்தூரில் பிறந்த 'ஸ்டாண்டர்டு 2000' காரின் கதை!

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி சேரப்பணஞ்சேரி பக்கம் ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும். புத்தம் புது கார்களை அடுக்கி ஏற்றிய டிரெய்லர் லாரி ஒன்றாவது கண்ணில் படும். கொஞ்ச தூரத்தில் ஒரகடம். அங்கே ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ். இன்னொரு பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று சென்னையைச் சொல்லிச் சொல்லியே நமக்கு அலுத்துவிட்டது.

ஆனால், இந்தக் கதைக்கு நாம் ஒரகடம் போக வேண்டாம். அதே சாலையில் எதிர்த்திசையில் வண்டலூர் வந்து, ஜி.எஸ்.டி சாலையில் தாம்பரத்தை நோக்கித் திரும்பினால் பெருங்களத்தூர். இன்று ஸ்ரீராம் கேட்வே என்ற பெயரில் ஐ.டி கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கும் இடம். ஐ.டி கார்டு மாட்டிக்கொண்டு அங்கே நுழையும் பலருக்கு, தாங்கள் காலை வைக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கார்கள் பிறந்தன என்பது தெரியாது. ஒரகடத்தில் முதல் ஃபேக்டரிக்கு அளவுக்கல் நடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்ற மெட்ராஸ் கம்பெனி இங்கே கார் தயாரித்தது.

அந்தக் கம்பெனி கடைசியாகச் செய்த கார்தான் ஸ்டாண்டர்டு 2000. 1985-ல் வந்து, 1988-ல் கம்பெனியோடு சேர்ந்தே மறைந்துபோனது. இன்று ரோட்டில் ஒன்றைப் பார்ப்பது குதிரைக்கொம்பு. எப்போதாவது ஏதோ ஒரு பங்களாவின் பின்பக்க ஷெட்டிலோ, பட்டறையின் வேலியோரத்திலோ ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் இருப்பதாகத் தகவல் வந்தால், பழைய கார் பிரியர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிடுவார்கள். 'தோற்றுப்போன கார்' என்று அன்று கேலி செய்யப்பட்ட வண்டிக்கு ஏன் இந்த மவுசு?

அமெரிக்காவில் ஒரு படகு கம்பெனி

மஸில் கார் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். நடுத்தர சைஸ் காருக்குள் பெரிய வி8 இன்ஜினைத் திணித்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சீட்டோடு முதுகு ஒட்டிக்கொள்ளும்படி செய்வது. 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ-வைத்தான் இந்த வகைக்குப் பிள்ளையார் சுழி என்பார்கள். அமெரிக்கச் சமாசாரம்.

அதே அமெரிக்காவில் ப்யூக் கம்பெனி 1961-ல் ஒரு சின்ன வி8 இன்ஜினைக் கொண்டுவந்தது. முழுக்க அலுமினியம், எடை ரொம்பக் குறைவு. ஆனால் வார்ப்பதில் செலவும் தொல்லையும் அதிகம் என்று 1963-லேயே கைவிட்டுவிட்டார்கள். அடுத்த வருடம், பிரிட்டனின் ரோவர் கம்பெனிக்கு அமெரிக்காவில் பொறுப்பாளராக இருந்த ப்ரூஸ் மெக்வில்லியம்ஸ் வேறு வேலையாக விஸ்கான்சினில் இருக்கும் மெர்க்குரி மரைன் என்ற படகு இன்ஜின் கம்பெனிக்குப் போனார். அங்கே ஒரு மூலையில் கிடந்த இந்த ப்யூக் இன்ஜின் அவர் கண்ணில் பட்டது. 1965-ல் ரோவர் அதன் உரிமையை வாங்கிவிட்டது. அமெரிக்கா வேண்டாம் என்று எறிந்த இன்ஜின் பிரிட்டனில் ரேஞ்ச் ரோவருக்குள் போய் உட்கார்ந்து, 2004 வரை லேண்ட் ரோவர் வண்டிகளில் ஓடியது.

இதற்கு நடுவே, 1976-ல் ரோவர் எஸ்.டி1 என்ற கார் அதே வி8 இன்ஜினோடு வெளிவந்தது. 3,528 சிசி, 155 குதிரைசக்தி, மணிக்கு 200 கி.மீ வேகம். டிசைனர் டேவிட் பாஷ் கண்முன் வைத்திருந்தது ஃபெராரி டேடோனாவை. தாழ்ந்த மூக்கு, பின்னால் சரிந்து இறங்கும் கூரை, டிக்கிக்குப் பதிலாக ஐந்தாவது கதவு. குடும்பத்தோடு போகிற பெரிய காருக்கு ஸ்போர்ட்ஸ் கார் சட்டை மாட்டிவிட்ட மாதிரி. 1977-ல் 'ஐரோப்பாவின் சிறந்த கார்' விருது கிடைத்தது. பிரிட்டிஷ் போலீஸ் இதை ஹைவேயில் ஓட்டியது. இதன் வேகமான மாடலான விட்டெஸ்ஸில் ஆண்டி ரவுஸ் 1984-ல் பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன் ஆனார்; கர்ட் தீம் 1986-ல் ஜெர்மனியின் டி.டி.எம் பட்டத்தை வென்றார். பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸின் சொந்த ஊரில்!

அமெரிக்க வி8, பின்சக்கர டிரைவ், ஆஜானுபாகுவான உடம்பு. பிரிட்டனின் மஸில் கார் என்று இதைச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இந்த உடம்புதான் பெருங்களத்தூருக்குக் கப்பலேறி வந்தது.

ஹெரால்டு வீட்டுப் பிள்ளை

மெட்ராஸின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் 1948-ல் கைகோத்து உருவானது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். முதலில் வேன்கார்டு என்ற காரை இங்கே பூட்டி விற்றார்கள். பிறகு ஸ்டாண்டர்டு எயிட், டென், பென்னன்ட். 1961-ல் வந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாஸடர், ஃபியட் இரண்டையும் விட்டால் அன்றைய இந்தியக் குடும்பம் வாங்கக்கூடிய மூன்றாவது கார் அது. 948 சிசிதான். முன் பக்கத்தை மொத்தமாகத் தூக்கித் திறந்து, டயர் மேல் உட்கார்ந்துகொண்டே மெக்கானிக் வேலை பார்க்கலாம். சோழவரம் ரேஸில் ஹெரால்டுகள் சீறிப் பாய்ந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார்கள். 1972-ல் கஸேல் வந்தது. 1977-ல் அதுவும் நின்றது. அதன் பிறகு கார் இல்லை. வேன், டெம்போ வகையறாக்களை வைத்துத்தான் கம்பெனி காலம் தள்ளியது.

1980-களின் நடுவில் காற்று மாறியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து எல்லோரையும் உலுக்கிவிட்டது. லைசென்ஸ் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்தது. 'வசதியானவர்களுக்கு ஒரு சொகுசு கார்' என்ற இடம் காலியாக இருந்தது. அந்த நாற்காலிக்கு மூன்று பழைய கம்பெனிகள் ஓடின.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் கான்டெஸாவை இறக்கியது. உடம்பு, பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர். பிரீமியர் கம்பெனி 1985-ல் 118 என்.இ-யைக் கொண்டுவந்தது. உடம்பு ஃபியட் 124, இன்ஜின் நிஸான். ஸ்டாண்டர்டு தேர்ந்தெடுத்தது ரோவர் எஸ்.டி1. மூன்றிலும் அழகு எது என்று கேட்டால், விவாதமே இல்லை.

பானெட்டைத் திறந்தால்...

பிரச்னை அங்கேதான். அன்றைய இறக்குமதி விதிகளுக்குள் ரோவரின் இன்ஜினைக் கொண்டுவரவோ இங்கேயே செய்யவோ கம்பெனியால் முடியவில்லை. வி8 மட்டுமல்ல, எஸ்.டி1-ல் வந்த மற்ற இன்ஜின்களும் இல்லை. கையில் இருந்தது ஒன்றே ஒன்று. கம்பெனி பிறந்த காலத்து வேன்கார்டின் இன்ஜின். நான்கு சிலிண்டர், 1,991 சிசி, 83 குதிரைசக்தி. அதைத்தான் உள்ளே வைத்தார்கள். கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும்கூட ரோவருடையவை அல்ல. நம் ஊர் ரோட்டுக்கு ஏற்றபடி வண்டியின் உயரத்தைக் கூட்டி, சஸ்பென்ஷனை மெத்தென்று ஆக்கினார்கள்.

ஃபெராரியைப் பார்த்து வரைந்த காருக்கு 1940-களின் இன்ஜின்! அதுவும் எப்படிப்பட்ட இன்ஜின்? இதன் குடும்பத்து இன்ஜின்தான் இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது. கேலி செய்பவர்களுக்கு இது ஒன்று போதாதா? 'யானைக்குள்ள பூனை' என்று வைத்து ஓட்டிவிட்டார்கள். விலையோ 2 லட்சத்துக்கும் மேல். மாருதி 800 ஏறக்குறைய 50 ஆயிரத்துக்குக் கிடைத்த காலம். 2 லட்சம் கொடுத்து வாங்கிய கார் திணறி ஓடி, பெட்ரோலையும் குடித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கேலியில் பாதி நியாயம். மீதிப் பாதி, அந்த இன்ஜினுக்கு இழைத்த அநியாயம். இதே 1,991 சிசி அளவில் கொஞ்சம் கூடுதல் பலத்தோடு டிரையம்ஃப் டி.ஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இது ஓடியது. அதே டி.ஆர்2-ல், வேகத்துக்காகச் சில மாற்றங்கள் செய்த ஒன்று 1953 மே மாதம் பெல்ஜியத்தின் ஜாபெகே ஹைவேயில் மணிக்கு 124 மைல், அதாவது கிட்டத்தட்ட 200 கி.மீ தொட்டது. குறை இன்ஜினிடம் இல்லை. எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காரையும் வயலில் நிதானமாக உழும் டிராக்டரையும் இழுக்கத் தெரிந்த இன்ஜினை, 1,300 கிலோவுக்கும் அதிகமான சொகுசு காரை 1985-ல் இழுக்கச் சொன்னால் அது என்ன செய்யும்?

கான்டெஸாவும் இதே நோயில்தான் பிறந்தது. பெரிய உடம்புக்குள் அம்பாஸடரின் 1,489 சிசி இன்ஜின். சில ஆண்டுகளில் ஜப்பானின் இசுஸூ 1.8 லிட்டர் இன்ஜின் கிடைத்ததும் அது பிழைத்துக்கொண்டது. 2002 வரை ஓடி, இன்று 'இந்தியாவின் மஸில் கார்' என்று இன்ஸ்டாகிராம் முழுக்கச் சுற்றுகிறது. ஸ்டாண்டர்டு 2000-க்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவே இல்லை. 1988-ல் பெருங்களத்தூர் ஃபேக்டரியில் உற்பத்தி நின்றது. இரண்டு கார்களின் தலையெழுத்துக்கும் நடுவே இருந்தது ஒரு இன்ஜின் ஒப்பந்தம்தான்.

கண்டுபிடித்தால் என்ன பார்ப்பது?

சென்னையில் நடக்கும் பழைய கார் பேரணிகளில் ஹெரால்டு தவறாமல் தலைகாட்டும். ஸ்டாண்டர்டு 2000 அப்படி அல்ல. விற்றதே குறைவு. அதிலும் பல, பெட்ரோல் செலவுக்குப் பயந்தும் பார்ட்ஸ் கிடைக்காமலும் காயலான் கடைக்குப் போய்விட்டன. நிழலில் நின்றவை மட்டும் தப்பின.

அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அடையாளம் சுலபம். 1980-களின் இந்தியக் கார்களில் பின்பக்கக் கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கித் திறக்கும் கதவோடு இவ்வளவு நீளமான கார் வேறு கிடையாது. அடுத்தது நம்பர் பிளேட். 1989 ஜூலையில்தான் புது மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்டி என்பதால் 'டி.என். 01' மாதிரி இருக்காது, எம்.ஜி.ஆரின் அம்பாஸடருக்கு டி.எம்.எக்ஸ் 4777 இருந்ததே, அதுபோல மூன்றெழுத்து சீரிஸ்தான் இருக்கும். அந்த எழுத்துகளே எந்த ஊரில், ஏறக்குறைய எந்தக் காலத்தில் பதிவானது என்று சொல்லிவிடும்.

ஆனால், காரின் ஜாதகம் நம்பர் பிளேட்டில் மட்டும் இல்லை. சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி புக்கில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. பழைய ஆர்.சி புக் நோட்டு மாதிரி இருக்கும். ஒவ்வொரு முறை கைமாறும்போதும் புது உரிமையாளரின் பெயரைப் பேனாவால் எழுதி, சீல் குத்தியிருப்பார்கள். அந்தப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினால் கார் யார் யார் வீட்டு வாசலில் நின்றது என்பது வரிசையாக வந்துவிடும். புக் தொலைந்திருந்தால், பதிவு செய்த ஆர்.டி.ஓ அலுவலகத்தில் நடையாய் நடக்க வேண்டியதுதான். பிரிட்டனில் கேய்டன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், ரோவர் போன்ற பழைய கார்களின் தயாரிப்புப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழே தருகிறது. பெருங்களத்தூரில் அப்படியொரு கவுன்ட்டர் திறக்க ஆளில்லை. சர்வீஸ் பில், இன்ஷூரன்ஸ் தாள், டேஷ்போர்டு மேல் ஒட்டிய கோயில் ஸ்டிக்கர், வீட்டு ஆல்பத்தில் கல்யாண ஊர்வல போட்டோ என்று கிடைப்பதையெல்லாம் சேர்க்க வேண்டும்.

உடம்பைப் பொறுத்தவரை எதிரி துருதான். கதவின் கீழ்விளிம்பு, சக்கர வளைவு, படிக்குக் கீழே ஓடும் தகடு ஆகிய மூன்றையும் விரல் நகத்தால் தட்டிப் பார்ப்பார்கள். பிரிட்டனில் பிறந்த எஸ்.டி1-களுக்கே இந்த வியாதி உண்டு என்னும்போது, கடற்கரை ஊரில் கேட்கவா வேண்டும்?

உள்ளே உட்கார்ந்தால் ஒரு வேடிக்கை. மீட்டர்கள் டேஷ்போர்டுக்குள் பதிந்திருக்காது. ஒரு பெட்டி மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும். ரோவரின் இன்ஜினீயர்கள் வலதுபக்க ஸ்டீயரிங்குக்கும் இடதுபக்க ஸ்டீயரிங்குக்கும் ஒரே டேஷ்போர்டு போதும் என்று திட்டமிட்டார்கள். பெட்டியைத் தூக்கி மறுபக்கம் வைத்தால் வேலை முடிந்தது. பயணி பக்கத்தில் நேரெதிரே தெரியும் ஏசி காற்று வரும் துவாரம் இருக்கிறதே, ஸ்டீயரிங் அந்தப் பக்கம் போனால் ஸ்டீயரிங் தண்டு நுழைவதற்கான ஓட்டை அதுதான். செலவைக் குறைக்கச் செய்த காரியம் இவ்வளவு புத்திசாலித்தனமாக இருப்பது அபூர்வம்.

இன்ஜினைப் பற்றிப் பலருக்கு இருக்கும் பயம் தேவையில்லாதது. அன்று கேலிக்கு ஆளான அந்தப் பழைய வடிவமைப்புதான் இன்று கை கொடுக்கிறது. இதில் சிலிண்டர் ஒவ்வொன்றும் தனித்தனி லைனர். சுற்றிலும் கூலிங் தண்ணீர் ஓடும். தேய்ந்தால் பிளாக்கைத் துருவ வேண்டாம்; லைனரை உருவிவிட்டுப் புதிதாகப் போட்டால் போதும். எலெக்ட்ரானிக்ஸ் கிடையாது. டிராக்டர் மெக்கானிக் ஒருவருக்கு அரைமணி நேரத்தில் பிடிபட்டுவிடும். டிரையம்ஃப் டி.ஆர் கார்களை வெளிநாட்டில் பலர் பாதுகாத்து வைத்திருப்பதால், இந்தக் குடும்ப இன்ஜினுக்கான பார்ட்ஸ் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. புதுப்பேட்டையில் கிடைக்காதது பிரிட்டனிலிருந்து பார்சலில் வரும். கஸ்டம்ஸ் வரியைப் பார்த்து மயங்கி விழாமல் இருந்தால் சரி.

வி8 போடலாமா, கூடாதா?

கார் கிடைத்த கையோடு, எல்லோருக்கும் வரும் ஆசை ஒன்றுதான். 'இந்த வேன்கார்டு இன்ஜினைக் கழற்றிக் கடாசிவிட்டு, உண்மையான ரோவர் வி8-ஐப் போட்டால் என்ன?' ஆசையில் தப்பில்லை. உடம்பு அதற்காகவே வரையப்பட்டது. வி8 உலகம் முழுக்கக் கிடைக்கிறது. மெட்ராஸ் கொடுக்கத் தவறியதை நாமே கொடுத்துவிடலாம். மஸில் கார் முழுசாகிவிடும்.

சட்டம் இடிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. இன்ஜினைத் தொட வேண்டுமானால் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு 'வின்டேஜ் வாகனம்' என்ற தனிப்பிரிவை உண்டாக்கியது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் தாண்டிய கார், பைக்குகளுக்கு 'வி.ஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். நிபந்தனை: வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

1985-ல் பதிவான ஸ்டாண்டர்டு 2000-க்கு 50 வயது ஆவது 2035-ல். இன்று வி8 மாட்டியவர் அன்று அந்த வரிசையில் நிற்க முடியாது. கேலிக்குரிய வேன்கார்டு இன்ஜினைக் கழற்றாமல் வைத்திருந்தவர்தான் நிற்பார்.

அதுவரை ஓட்டுவது எப்படி? அங்கேதான் வயிற்றைக் கலக்குகிறது. 15 ஆண்டுகள் தாண்டிய காரின் ஆர்.சி-யை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டுகள் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000 ஆனது. ஹெரால்டு மாதிரி 50-ஐத் தாண்டிய கிழவர்களுக்கு 'வின்டேஜ்' என்ற மரியாதை. மாருதி மாதிரி இளசுகளுக்குக் கவலை இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவை 1980-களின் கார்கள். சட்டத்தின் கண்ணில் அவை வின்டேஜும் இல்லை, புதுசும் இல்லை. வெறும் பழைய வண்டி. கட்டணம் கட்டிக் கட்டி அலுத்துப்போய், 'எடைக்குப் போட்டுடலாமா?' என்று வீட்டில் பேச்சு எழுவது இந்த வயதில்தான். அடுத்த 10 ஆண்டுகளில் மிச்சமிருக்கும் ஸ்டாண்டர்டு 2000-களில் எத்தனை தாக்குப்பிடிக்கும் என்பது இந்தப் பேச்சில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இன்ஜின் மாற்றத்தில் பழைய கார்க்காரர்கள் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள். 'ஓட்டுவதற்குத்தானே கார்?' என்பது ஒரு கட்சி. ஆனால், வி8 போட்ட எஸ்.டி1 உலகத்தில் ஏராளம்; அதைப் பார்க்க பிரிட்டன் போகலாம். ரோவர் உடம்பில் வேன்கார்டு இன்ஜின் துடிப்பது பெருங்களத்தூர் காரில் மட்டும்தான். லைசென்ஸ் ராஜ் காலத்து மெட்ராஸ் இன்ஜினீயர்கள் கையில் கிடைத்ததை வைத்து என்ன செய்தார்கள் என்பதற்கு அந்த பானெட்டுக்கு அடியில்தான் சாட்சி இருக்கிறது. வி8-க்கு ஆசைப்படுபவர்கள் குறைந்தபட்சம் கழற்றிய இன்ஜினைக் காயலான் கடையில் போடாமல், துணி சுற்றி, எண்ணெய் தடவி, வீட்டிலேயே வைப்பது நல்லது.

திரும்பிப் போன கதவுகள்

ஃபேக்டரி மூடிய பிறகு குடோனில் ஒரு பொக்கிஷம் மிச்சம் இருந்தது. காராக மாறாத கதவுகள், பானெட்டுகள், மட்கார்டுகள், கண்ணாடிகள். எல்லாம் ரோவர் எஸ்.டி1-க்கும் அப்படியே பொருந்துபவை. பிரிட்டனிலோ 1986-லேயே எஸ்.டி1 உற்பத்தி முடிந்து, துருப்பிடித்த கார்களை வைத்துக்கொண்டு பார்ட்ஸுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். லிங்கன் பக்கம் இருக்கும் ரிம்மர் பிரதர்ஸ் என்ற ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி, மெட்ராஸில் கிடந்த சரக்கை வாங்கி இங்கிலாந்துக்கு ஏற்றிச் சென்று விற்றது.

ஆக, இங்கிலாந்தில் எங்கோ ஒரு வீட்டு கராஜில் பளபளவென்று நிற்கும் ரோவர் வி8 ஒன்றின் கதவு, பெருங்களத்தூர் குடோனிலிருந்து போனதாக இருக்கலாம்.